இயந்திரம் வந்தது, கருவிப்பெட்டி எங்கே?

"உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை" என்பது பழமொழி. உழவு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பயணம் போனவரைப் பார்த்துச் சொன்ன சொல் இது. இன்று புதுவையைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழுகிற நாளன்று ஊருக்குப் போகிறவர் விருப்பப்பட்டுப் போவதில்லை. டிராக்டரோ பவர் டில்லரோ வயலில் நின்றுவிட்டது; மெக்கானிக்கைத் தேடி வில்லியனூருக்கோ புதுவை நகருக்கோ ஓடுகிறார்.

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒரு பட்டத்தை ஒட்டியே அடுத்த பட்டம் வருகிறது. நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது சேற்றுழவு இரண்டு நாள் தள்ளிப்போனால் அதன் நட்டம் அறுவடையில்தான் தெரியும். காய்கறி, பூ பயிரிடுவோர் நிலையும் இதுவே. விடியலுக்கு முன் குபேர் அங்காடிக்குச் சேர வேண்டிய சரக்கு, 'குட்டி யானை' வண்டியின் சக்கர நட்டு ஒன்று கழலாததால் வழியில் நின்றால், அன்றைய விலை போயிற்று.

இவ்வாறு நிற்கும் வண்டிகள் எல்லாமே பெரிய பழுதால் நிற்பதில்லை. பல சமயம் சரியான ஸ்பேனர் ஒன்றும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். ஆகவே, வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியின் கொட்டகையிலும், வசதி இல்லையேல் நான்கைந்து பேருக்குப் பொதுவாகவாவது, நல்ல கருவிப்பெட்டி ஒன்று இருந்தே தீர வேண்டும். கருவி இன்றி வாங்கிய இயந்திரம் பாதி வாங்கிய இயந்திரமே.

ஒரு சிறு எடுத்துக்காட்டு

டீசல் தீர்ந்துபோய் வண்டி நின்றது. மீண்டும் டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. இதைப் பழுதென்று எண்ணி மெக்கானிக்கை அழைப்போர் பலர். குழாய்க்குள் காற்று புகுந்ததே காரணம். பெரும்பாலான டிராக்டர்களில் டீசல் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை மெதுவாக இயக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்யலாம். இதற்கு வேண்டியது ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும்தான். அதற்கு மேல் இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டாம். அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் உடையது.

பெட்டியில் இருக்க வேண்டியவை

இரண்டு முனை ஸ்பேனர், ரிங் ஸ்பேனர் ஆகியவை ஒவ்வொரு செட். 10, 12, 13, 14, 17, 19, 22, 24 மில்லி மீட்டர் அளவுகள் முக்கியம். கைப்பிடியுடன் பாக்ஸ் ஸ்பேனர் செட் ஒன்று. தட்டை முனை, நட்சத்திர முனைத் திருப்புளிகள். கட்டிங் பிளேயர், குறடு, சுத்தியல். கிரீஸ் கன். டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். சக்கர நட்டு கழற்றும் நீண்ட ஸ்பேனர். வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய ஜாக்கி, அதற்கு இணையான ஸ்டாண்டு இரண்டு. பாட்டரி சோதிக்க ஹைட்ரோமீட்டர். இவற்றுடன் ஒரு டார்ச் விளக்கு, புனல், பழைய துணி, வண்டியோடு வந்த கையேடு. தொடக்கத்துக்கு இவை போதும்.

அளவு பார்த்து வாங்குவது மிக அவசியம். பழைய வடிவமைப்பைக் கொண்ட சில டிராக்டர்களில் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லி மீட்டர். அதில் 13 ஸ்பேனரை மாட்டினால் பொருந்துவது போலத் தோன்றும். அழுத்தித் திருப்பியதும் வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டை எடுக்க உளியும் வெல்டிங்கும் தேவைப்படும். எனவே தம் வண்டியில் உள்ளது எந்த அளவு என்று முதலில் தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போவதே முறை.

நூறு உருப்படி கொண்ட செட் மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம். அவற்றில் பாதி ஒருநாளும் பயன்படாது. மீதி முதல் இறுக்கத்திலேயே வாய் விரியும். நல்ல எஃகில் செய்த பத்து ஸ்பேனர், மட்டமான நூறுக்கு மேல். ஒரே சமயத்தில் எல்லாம் வாங்க இயலாதவர் ஒவ்வொரு அறுவடைக்கும் இரண்டிரண்டாகச் சேர்க்கலாம்.

உயிரைக் காக்கும் கருவி

சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு; அது ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது அதைவிட ஆபத்து. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தரை கெட்டியாக இருக்க வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும்.

இயந்திரம் ஓடும்போது தோள் துண்டையும் தொங்கும் லுங்கியையும் பேன் பெல்ட் அருகே கொண்டுபோகக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது. அதன் புகையில் மணமற்ற நச்சு வாயு உள்ளது. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

கழிவு எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. நெப்போலியன் மூன்றாமவர் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவே ஆயி மண்டபம். இன்றும் புதுவை நகரின் குடிநீருக்கும் சுற்றுவட்டாரப் பாசனத்துக்கும் நிலத்தடி நீரே ஆதாரம். மாற்றிய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றினால் அது நம் கிணற்றுக்கே திரும்பும். மூடியுள்ள டின்னில் சேர்த்துவைத்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மெக்கானிக் வேண்டாமா?

இவ்வளவும் மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்வதன்று. இன்ஜெக்ஷன் பம்பு, கியர் பெட்டி, ஹைட்ராலிக், புது வண்டிகளின் மின்னணுப் பாகங்கள் ஆகியவை தேர்ந்தவர் கையிலேயே இருக்க வேண்டும். கிரீஸ் வைப்பது, ஏர் கிளீனரைச் சுத்தம் செய்வது, பெல்ட் தொய்வு பார்ப்பது, பில்டர் மாற்றுவது, காற்று எடுப்பது போன்றவை உடையவர் கைவேலை. மாட்டுக்குக் குளிப்பாட்டுவதற்கு மருத்துவரை அழைப்பார் உண்டோ?

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், "எனக்குச் சொந்த டிராக்டரே இல்லை, கருவி எதற்கு?" என்று கேட்கலாம். வாடகை டிராக்டர் நின்றாலும் காய்வது அவர் நாற்றுதான். தெருவுக்கு ஒரு பொதுப்பெட்டி, அதற்கு ஒரு பொறுப்பாளர், எடுத்தவர் பெயரை எழுத ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு சிறிது.

செய்ய வேண்டியது

2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கீழ் இயந்திரங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் மானியம் வந்தது. மானியத்தோடு இயந்திரம் கொடுக்கும்போதே தரமான கருவிப்பெட்டியையும் ஒருநாள் கைப்பயிற்சியையும் சேர்த்துக் கொடுப்பதே நியாயம். செலவில் அது சிறு பகுதிதான். அது இல்லாமல் கொடுத்த இயந்திரம் முதல் பழுதிலேயே கொட்டகையில் முடங்கினால் மானியமும் வீண்.

இதற்குப் புதுவைக்குத் தனி உரிமை உண்டு. செய்து பார்த்துக் கற்பது என்ற கொள்கையோடு இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டு இங்குதான், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. விதையையும் உரத்தையும் போலவே ஸ்பேனர் பிடிப்பதும் கற்பிக்கப்பட வேண்டிய விவசாயப் பாடமே. அப்பாடம் ஆண்களோடு நில்லாமல் வண்டி ஓட்டும் பெண்களுக்கும் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் சேர வேண்டும்.

அரசு கொடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த பட்டத்துக்கு முன், வண்டியின் கையேட்டைத் திறந்து நட்டுகளின் அளவைக் குறித்துக்கொண்டு, முதல் நான்கு ஸ்பேனரையும் இரண்டு ஸ்டாண்டையும் வாங்கிவைத்தால், உழுகிற நாளில் ஊருக்குப் போகும் நிலை பெரும்பாலும் வராது.