சீயக்காய்க்கு வந்த சிறுமை

தலைமுழுக்கு என்பது தமிழர் வீட்டில் வெறுங் குளியலன்று. எண்ணெய் தேய்த்து ஊறி, வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த சீயக்காய்த் தூளை வடிகஞ்சியிற் குழைத்துத் தேய்த்து, வெந்நீர் வார்ப்பது அது. கொங்குநாட்டார்க்கு உசிலை இலைத்தூளாகிய அரப்பு. பொற்கொல்லர்க்கு அணிகலன் துலக்கப் பூவந்திக்கொட்டை. இத்தனை பெயர்களும் இன்று ‘சாம்பூ’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மூழ்கிப் போயின.

அச்சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலமென்று எண்ணி அதனைப் பெருமையோடு ஒலிக்கும் தமிழர் அறிந்திலர், அஃது இந்தி! அமுக்கு, பிசை என ஏவும் ‘சாம்ப்போ’ என்னும் இந்தி வினையே 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தது. பட்னாவிற் பிறந்த சேக்கு தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல்மனை நடத்தி, உடம்பு பிடித்துவிடுதலையே அப்பெயரால் விற்றார். 1822-இல் அதுபற்றி நூலும் எழுதினார். தலைகழுவுதல் என்னும் பொருள் பிற்பாடு ஏறியதே. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து இளைஞர் தீக்குளித்த நாட்டில், குளியலறைதோறும் ஓர் இந்திச் சொல் நாணமின்றிக் குடியிருக்கின்றது.

சீயக்காயின் பெயரையேனும் விட்டுவைத்தனரா? சிகை என்பது குடுமியைக் குறிக்கும் வடசொல்; ஆதலின் ‘சிகைக்காய்’ என்பதே திருந்திய வடிவமென்று எழுதுவோர் உளர். சீத்தல் என்பது துடைத்துத் தூய்மை செய்தலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை. சீவுதலும் சீப்பும் அதன் உறவினவே. மலையாளத்தார் சீவக்கா என்பது எந்தக் குடுமியை நோக்கி? அழுக்கைச் சீக்கும் காய் சீயக்காய் எனக் கொள்வதே பொருந்தும்.

அக்காயின் வேலையும் எளிதில் விளங்குவதே. சப்போனின் என வேதியலார் குறிக்கும் நுரைப்பொருள் அதிலுண்டு. அதன் ஒருமுனை நீரைப் பற்றும்; மறுமுனை எண்ணெயைப் பற்றும்; அழுக்கேறிய எண்ணெய் நீரோடு கழன்றுவிடும். வழலைக் கட்டி காரம் மிக்கது. சீயக்காய்க் கரைசலோ சற்றே புளிப்புடையது. ஆதலின் மயிர் முரடாவதில்லை. நுரை குறைவு, கண்ணிற் பட்டால் எரியும். அதனை மறைப்பானேன்? நுரை பெருகினாற்றான் தூய்மை என்று மக்களுக்குக் கற்பித்தவை விளம்பரங்களே.

இப்பொழுது அதே காய், ‘மென்மையான செடிவழித் துப்புரவுப் பொருள்’ என்னும் பட்டத்தோடு, ‘அக்கேசியா கான்சின்னா’ என்னும் இலத்தீன் பெயர் பூண்டு, அழகுப்பொருட் புட்டிகளில் மீள்கின்றது. நிலைத்திணையியலாரோ அப்பெயரையும் கைவிட்டுச் செனகாலியா என்னும் வேறு இனத்திற் சேர்த்துவிட்டனர். மாறாதிருப்பது தமிழ்ப்பெயர் ஒன்றே. அதனைத்தான் உறையின்மேற் காணோம்.

பிறரை மட்டும் பழித்துப் பயனில்லை. சிற்றூர்க் கடைகளிற் சாம்பூவைச் சரமாகத் தொங்கவிட்ட சிற்றுறைத் தொழில் கடலூரில் வளர்ந்ததே; ‘சிக்’ அங்கிருந்து 1983-இல் புறப்பட்டது.

முட்கொடியிற் கைகீறிக் காய் பறிக்கும் மலைவாழ் மக்களுக்குக் காட்டின் சிறுவிளைவுகள்மீது உரிமையை 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் எழுத்தில் அளித்துள்ளது. காய் தூளாகி, தூள் சாறாகி, சாறு புட்டியேறும்போது உயரும் விலையில் அவர்தம் பங்கு எவ்வளவு? கொள்முதல் செய்வோரும் ஆலையாரும் விடை கூறட்டும். உறையின் முகப்பிற் ‘சீயக்காய்’ என்று தமிழில் அச்சிட அவர்களைத் தடுப்பார் எவருமிலர்.