சிங்குக்கு அடியில் வளைவு வேண்டும்

"வளைவு வெச்சா அடைச்சுக்கும் சார், நேரா விட்டுடலாம்." புது வீட்டில் சமையலறை வேலை நடக்கும்போது இதைக் கேட்காதவர் குறைவு. வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்கிறார். ஹார்டுவேர் கடையிலிருந்து நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் ஒன்று வருகிறது. அதன் மறுமுனையைத் தரை ஓட்டைக்குள் செருகிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். இது தவறு என்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வளைகுழாய்க்கு டிராப் என்று பெயர். அதன் வளைவில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடைக் காற்றுக்கும் கரப்பானுக்கும் அதுதான் அடைத்த கதவு. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. குளியலறைத் தரை டிராப்களில் நீர் வற்றிப்போயிருந்தது அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டினார்கள். அங்கே வற்றியது நீர் மட்டும்தான். நாமோ வளைவையே வேண்டாம் என்கிறோம். பிறகு நாற்றத்துக்கு அந்துருண்டை வாங்கிப் போடுகிறோம்.

அடைப்பை உண்டாக்குவது எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும். நெளிவுக் குழாயின் ஒவ்வொரு மடிப்பும் அவற்றைப் பிடித்து வைக்கிறது. P எழுத்து வடிவில், உட்புறம் வழவழப்பாக இருக்கும் பி டிராப்பிலும் அழுக்கு சேரும், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு எட்டுகிற இடத்தில் சேரும். கீழே வாளியை வைத்து நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. வளைவில்லாமல் விட்ட குழாய் மீதி அழுக்கைத் தரைக்குள் தள்ளிவிடுகிறது. அங்கே அடைத்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

"தரையில்தான் நாணி டிராப் இருக்கே" என்பார்கள், தரை ஓட்டையில் பதிக்கும் டிராப்பைக் காட்டி. இருந்தால் அதற்குக் கீழே உள்ள காற்றைத் தடுக்கும். சிங்கிலிருந்து அதுவரை வருகிற, உள்ளே பிசுக்கு மண்டிய குழாயின் நாற்றத்தைத் தடுக்காது. செருகிய குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைக்காது.

சமையலறைக்கு 40 மில்லிமீட்டர் பி டிராப் கேளுங்கள். பாட்டில் டிராப் வாஷ்பேசினுக்குப் பொருந்தும்; எண்ணெய் ஓடுகிற சிங்குக்கு வேண்டாம். பி டிராப்பின் நட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்ற விடாதீர்கள். அங்கே கசிவைத் தடுப்பது வாஷர், மரை அல்ல.

பி டிராப்புக்குக் கழிவுக் குழாய் சுவரில், சிங்குக்குக் கீழே சரியான உயரத்தில் வர வேண்டும். தரையில் ஓட்டை விட்டு டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால், பிளம்பர் மறுபடி நெளிவுக் குழாயைத்தான் எடுப்பார். சுவரைக் கொத்துகிற அன்றே கேட்டுவிடுங்கள்.