தரவு தந்தவருக்கும் மதிப்பெண் வேண்டும்

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் புரதத் துண்டுகளை உடைத்துத் தரும் கோடுகளைக் கணினியில் படிப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் துண்டுகளின் எடை பொருந்துகிறதா என்றே பார்த்தன. 2019-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'புரோசிட்' என்ற மென்பொருள், எந்தக் கோடு எவ்வளவு உயரும் என்பதையும் மிகத் துல்லியமாகக் கணித்தது. அசாத்தியமான வேலை அது! ஆனால் அது கற்றது எதிலிருந்து? ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து அளந்த சுமார் 5,50,000 பெப்டைடுகளின் (புரதத் துண்டுகளின்) இரண்டு கோடிக்கும் மேற்பட்ட நிறமாலைகளிலிருந்து.

மென்பொருள் எழுதியவரைக் கொண்டாடுகிறோம். மாதிரியைப் பக்குவப்படுத்தி, இரவெல்லாம் கருவியோடு கிடந்து, தரவைக் குறிப்புகளோடு பதிவேற்றிய இளைய ஆய்வாளரை விட்டுவிடுகிறோம். இது அநியாயம். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுக்கள் கட்டுரைகளை மட்டும் எண்ணாமல், 'பிரைடு' போன்ற பொதுக் களஞ்சியங்களில் ஒருவர் ஒழுங்காக இட்ட தரவுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.