சிறு நிறுவனங்களுக்கு விலக்கு அறிக்கையில் மட்டுமே: உள்கட்டுப்பாட்டை அறியாமல் தணிக்கை சாத்தியமா?

பொம்மசந்திரா (பெங்களூரு): ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பயோகான் போன்ற பெருநிறுவனங்களின் அருகிலேயே சிறு தொழிற்கூடங்களும் இயங்கி வருகின்றன. இத்தகைய சிறு தனியார் நிறுவனங்களுக்கு 2017 ஜூனில் மத்திய அரசு ஒரு சலுகை வழங்கியது. விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கும், வங்கி உள்ளிட்ட கடன்கள் 25 கோடி ரூபாய்க்கும் குறைவாக இருந்து, ஆண்டுக் கணக்குகளும் முறையாகத் தாக்கல் செய்யப்பட்டிருந்தால், உள் நிதிக் கட்டுப்பாடுகள் குறித்துத் தணிக்கையாளர் தனிக் கருத்துத் தெரிவிக்க வேண்டியதில்லை.

உள்கட்டுப்பாடுகளைப் பார்க்கவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. நிறுவனங்கள் சட்டத்தின் 143(3) பிரிவில் ஓர் உட்கூறுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தணிக்கைத் தரநிலைகளைப் பின்பற்றுமாறு கூறும் 143(9) பிரிவு அப்படியே நீடிக்கிறது. நிறுவனத்தின் உள்கட்டுப்பாட்டைப் புரிந்துகொண்ட பின்னரே இடர்களை மதிப்பிட வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 315 தரநிலை.

காரணம் எளிது. மூலப்பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், சரக்கைப் பெறுபவர், கணக்கில் பதிபவர், காசோலை தயாரிப்பவர் நால்வரும் ஒருவரே என்றால், எத்தனை பில்களைச் சரிபார்த்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தவே செய்யும். பொருந்தும்படி எழுதியவரும் அவரே அல்லவா? இதை முன்கூட்டியே அறிந்த தணிக்கையாளர் பில்களோடு நிற்க மாட்டார். வாயிற்பதிவேட்டைக் கேட்பார், சரக்கு விற்றவரிடம் நிலுவையை நேரடியாக உறுதி செய்வார், கையிருப்பைத் தாமே எண்ணிப் பார்ப்பார்.

சிறு கூடங்களில் முதலாளியின் கண்காணிப்பே பெரும்பாலும் ஒரே கட்டுப்பாடு. அவரே விதியை மீறினால் தடுப்பவர் இல்லை. பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட காபி டே எண்டர்பிரைசஸ் குழுமத்தில் 7 துணை நிறுவனங்களிலிருந்து 3,535 கோடி ரூபாய், நிறுவனர் குடும்பத்துடன் தொடர்புடைய நிறுவனத்துக்குத் திருப்பி விடப்பட்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கண்டறிந்தது. 2023 ஜனவரியில் 26 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அதே ஆண்டில், குழும நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் மீதும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

பொம்மசந்திராவின் சிறு நிறுவனங்களில் இத்தனை பெரிய தொகைகள் புழங்குவதில்லை. ஆனால் நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்கும் வங்கி, தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையே கேட்கிறது. கையிருப்பும் வரவேண்டிய பாக்கியும் அதில் மிகையாகக் காட்டப்பட்டிருந்தால், கடன் வரம்பும் அந்தப் பொய்க் கணக்கின் மீதே நிர்ணயிக்கப்படும்.