தேடுதல் தொடங்க வேண்டிய இடம்

உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே பிக்ரு கிராமத்தில் 2020 ஜூலை 2-ஆம் தேதி நள்ளிரவில் விகாஸ் துபேயைக் கைது செய்யச் சென்ற காவல்துறையினர் மீது, மாடிகளிலிருந்து குண்டுமழை பொழியப்பட்டது. மண்வாரி இயந்திரத்தை நிறுத்திப் பாதையும் மறிக்கப்பட்டிருந்தது. துணைக் கண்காணிப்பாளர் உள்பட 8 பேர் உயிரிழந்தனர். காவல்துறை வருவதை முன்கூட்டியே தெரிவித்ததாகச் சொந்தக் காவல் நிலைய அதிகாரியே பின்னர் கைதானார்.

தப்பியோடிய துபே, ஜூலை 9-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைன் மகாகாளேஸ்வரர் கோயிலில் பிடிபட்டார். அழைத்து வரும் வழியில் வாகனம் கவிழ்ந்து, அவர் தப்ப முயன்றபோது மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் காவல்துறை கூறியது. அதை மறுக்கும் சான்று இல்லை என நீதிபதி பி.எஸ். சௌஹான் ஆணையம் முடிவு செய்தது. ஆனால், அவருக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் இருந்த கூட்டுறவை அதே ஆணையம் சுட்டிக்காட்டவும் தவறவில்லை.

காவல்துறையின் தோல்வி 2020-இல் தொடங்கியதல்ல. 2001-இல் சிவ்லி காவல் நிலையத்துக்குள்ளேயே, இணை அமைச்சர் தகுதியிலிருந்த சந்தோஷ் சுக்லா கொல்லப்பட்டார். கண்ணால் கண்ட காவலர்களே பிறழ்சாட்சியாக மாற, துபே விடுதலையானார். அன்று காவலர்கள் சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொல்லியிருந்தால், அவர்களது சகாக்கள் 8 பேரின் உயிர் பறிபோயிருக்காது.

குற்றவாளி தப்பியோடிய பின் மாநில எல்லைகளை மூடுவது எளிது. சாட்சி சொல்லும் காவலருக்குப் பாதுகாப்பும், பிறழும் காவலருக்குத் தண்டனையும் உறுதி செய்யப்படாதவரை, பிக்ருவுக்குப் பின்னும் பாடம் கற்கவில்லை என்றே பொருள்.