அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு ஆறு மாதம் வரை தங்க விசா கிடைக்கிறது. அதில் ஊர் சுற்றிக் காட்டுவது முதல் சில வாரங்கள்தான். டவர் பாலம், பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுச் சிலைகள், தேம்ஸ் கரை ராட்டினம் என்று எல்லா வீட்டிலும் ஒரே பட்டியல். நாம் எப்பேர்ப்பட்ட ஊரில் வாழ்கிறோம் பாருங்கள் என்று காட்டுவதற்காக நாம் போடும் பட்டியல் அது. பெரியவர்கள் மூட்டுவலியோடு பின்னால் நடந்து வருகிறார்கள். பைகளைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவருக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் லண்டனுக்குத் தென்மேற்கே வேறொரு இடம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக், 1911-இல் கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள ஃப்ரிம்லியில், புனித பீட்டர் தேவாலயத்து மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கேம்பர்லிப் பூங்காவில் தமிழக அரசு நிறுவிய அவருடைய சிலை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

என் அப்பா விவசாயி. இங்கே வந்த பிறகும் காலையில் எழுந்ததும் கைபேசியில் பெரியாறு அணை மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். லண்டனில் எங்கே கூட்டிப்போனாலும் "நல்லாருக்குப்பா" என்பதோடு சரி. கேம்பர்லியில் சிலைக்குச் சற்று முன்னால் நின்று, குனிந்து, குளிருக்காக நாங்கள் மாட்டிவிட்ட ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் கழற்றி முடிக்கும் வரை காத்திருந்தோம். காலுறையோடு ஈரப்புல்லில் நடந்துபோய்க் கும்பிட்டார். "இங்கன பொங்க வைக்க விடுவாங்களாப்பா?" என்று அம்மா கேட்டார்.

"இவரு யாரு தாத்தா?" என்றாள் மகள்.

"நம்ம ஊருக்குத் தண்ணி கொண்டாந்தவரு, கண்ணு."

"ஆத்துல தானா வராதா?"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அப்பாதான் பேசினார். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை மறித்தது, சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டியது, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது, 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தது, லோயர்கேம்ப்பில் இறங்கிய தண்ணீர் முல்லையாறாக வந்து வைகையில் சேர்வது எல்லாவற்றையும் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைவதும், ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று ஊரே பார்த்திருப்பதும், நாற்றங்கால் போட்டுவிட்டு மழைக்குத் தவிப்பதும் அவர் வாழ்க்கை. அதைக் கேட்க அவருக்குப் பேத்தி கிடைத்தாள். நாங்கள் காட்டிய இடங்களில் எல்லாம் அவர் விருந்தாளி. அன்று மட்டும்தான் அவர் எங்களுக்கு ஊர் காட்டினார்.

குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு பொறுப்பும் இருக்கிறது. பணம் போதாமல் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறோம். அப்பாவும் சொன்னார். அதற்கு ஆவணச் சான்று இல்லை. அணைக்குச் செலவழித்தது சென்னை மாகாண அரசு. வெள்ளமும் காட்டுக் காய்ச்சலும் விரட்டிய இடத்தில் 1887 முதல் எட்டு ஆண்டுகள் விடாமல் நின்ற பொறியாளருக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. அவரோடு மலையேறியவர்களைத்தான் நாம் விட்டுவிட்டோம். மலேரியாவிலும் காலராவிலும் அங்கே நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்தார்கள். பொறியாளரின் கல்லறையைக் கடல் கடந்து தேடிப் போகிறோம். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? இது எனக்கு உறுத்துகிறது. பேத்திக்குச் சொல்லும் கதையில் அவர்களும் வர வேண்டும்.

நன்றி சொல்வதில் தேனிக்காரர்கள் குறை வைத்ததில்லை. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்தநாளான அதே ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளை நாம் கூட்டிப்போவது சுருளி அருவி, கும்பக்கரை, மேகமலை. குளித்து, படம் எடுத்து, சாப்பிட்டுத் திரும்புகிறோம். லண்டன் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தண்ணீர் வரும் வழியிலேயே ஒரு நாள் போகலாம். காலையில் லோயர்கேம்ப்பில் மணிமண்டபமும் மின்நிலையமும். பிறகு கூடலூர், கம்பம் திராட்சைத் தோட்டங்கள். வழியில் ஏதாவது ஒரு வயலில் மடை திறப்பது. மாலையில் 1959-இல் திறந்த வைகை அணை. தாத்தா பாட்டி வழிகாட்ட, ஒரே காரில் போய்வரும் தூரம். சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் இதை ஒரு பாதையாக அறிவித்து, நிறுத்தங்களில் கழிப்பறையும் நிழலும், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஆற்று வரைபடமும், அணை வேலையில் மாண்ட தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுக்கல்லும் வைக்க வேண்டும். சிலைக்கு மாலை போடுவதை விட அது அவசரம்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு: இந்தக் கோடையில் அப்பா அம்மா வந்தால் வாட்டர்லூவில் ரயில் ஏறுங்கள். ஆஸ்காட்டில் மாறினால் கேம்பர்லி, அதற்கு அடுத்த நிறுத்தம் ஃப்ரிம்லி. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பேச்சை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.