தன்னைத் திருத்தும் பொறி

திருத்தணி போன்ற தேரோடும் ஊர்களில் வடம் பிடிப்போர் பலர். தேரை நெறியிற் செலுத்துவோரோ முட்டுக்கட்டை இடும் சிலரே. தேர் எவ்வளவு விலகிற்று என்பதை மட்டும் அவர் நோக்குவதில்லை. எத்துணை விரைவாக விலகுகின்றது என்பதையும் கண்டு, சக்கரம் ஓரத்தை எட்டுமுன்னரே கட்டையை இடுவர்.

கப்பலோட்டும் மாலுமியும் அத்தகையரே. அவர் சுக்கான் திருப்பும் முறையை, உருசிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் கணக்கு வடிவில் விளக்கினார். நிகழும் பிழை, அதுவரை தொகுந்த பிழை, பிழை மாறும் விரைவு ஆகிய மூன்றும் அக்கணக்கில் இடம்பெற்றன.

இன்று மாணவர் அமைக்கும் ரோபோக்களிலும் அம்மூன்றே பணிபுரிகின்றன. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தால் பல பள்ளிகளில் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. தரையிலிட்ட கருங்கோட்டைத் தொடர்ந்தோடும் பொறி ஒன்றைக் கருதுக. கோட்டினின்று விலகிய அளவை அதன் அடியிலுள்ள உணரிகள் அறிவிக்கும். அவ்வளவை ஓர் எண்ணாற் பெருக்கி, இருபுறச் சக்கரங்களின் விரைவையும் பொறி மாற்றிக்கொள்ளும். அவ்வெண் சிறிதாயின் வளைவில் கோட்டை விட்டகலும். பெரிதாயின் கள்ளுண்டவன்போல் இருபுறமும் தள்ளாடும். தள்ளாட்டத்தை அடக்குவது விரைவுக்குரிய எண். அதுவும் மிகின், உணரியின் சிறு நடுக்கத்தையெல்லாம் பெரிதாக்கிப் பொறியைப் பதறச் செய்யும். ஒரு சக்கரம் இயல்பாகவே மெதுவாகச் சுழலுமாயின், அக்குறையை நிரப்புவது தொகுபிழைக்குரிய எண்.

இவற்றைப் பொருத்துதலே அரிய பணி. அதற்குச் சீக்ளர், நிக்கல்ஸ் என்னும் இருவர் 1942-இல் ஒரு நெறி வகுத்தனர். மற்றிரண்டையும் சுழியாக்கி, முதலெண்ணைப் படிப்படியே உயர்த்தி, ஊசலாட்டம் குன்றாமலும் வளராமலும் நிற்குமிடத்தைக் காண்க. அவ்வெண் ஒன்றையே பயன்படுத்துவதாயின் அதிற் பாதியைக் கொள்க என்றனர். தொழிற்சாலைக்கென எழுந்த நெறியாதலின், இது தொடக்கமேயன்றி முடிபன்று.

மாணவர் சிலர் இவ்வுழைப்புக்கு அஞ்சி, வேறொரு பொறியின் எண்களைப் படியெடுத்து இடுகின்றனர். அது பிறர் மூக்குக்கண்ணாடியை அணிதல் போலும். எடையும் சக்கரமும் தரையும் வேறாக, எண் மட்டும் எங்ஙனம் ஒன்றாகும்? காலையில் நேரே ஓடிய பொறியே, மின்கலம் தளர்ந்த மாலையில் வேறாக ஓடுகின்றதன்றோ! மூன்று எண்களையும் ஒருங்கே மாற்றுவோரும் உளர். எதனால் எது விளைந்தது என்பதை அவர் அறியார். ஒரு வேளைக்கு ஓரெண்ணே மாற்றி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.

போட்டி நடத்துவோர்க்கும் இதிற் பொறுப்புண்டு. முதலில் ஓடி முடித்த பொறிக்கே பரிசென்பது போதாது. அப்பொறியின்மேல் ஒரு சிறு சுமையை ஏற்றி, மீண்டும் நேரே ஓடச் செய்யுமாறு பணித்தல் தகும். குறிப்பேட்டைப் புரட்டி, இன்ன எண்ணை இத்துணை மாற்றல் வேண்டுமெனக் கூறவல்ல மாணவர்க்கே பரிசு உரியது.